வகுப்பில் நான் ஒருவன்தான்

போன மாசம் ஒரு சாயங்காலம். வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய என் மகள் சிவகாமி நேரே கடைக்கு வந்தாள். அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே என் பூஜைச் சாமான் கடை - பழைய வாசகர்களுக்குத் தெரியும். முகம் தொங்கிப் போயிருந்தது.

"எல்லாம் உன்னாலதான்பா" என்றாள்.

அவள் அப்போது தாவரவியலில் எம்.ஃபில். முடிக்கிற தறுவாயில் இருந்தாள். காலேஜில் பாடம் சொல்லித்தரப் போகிறவள். பள்ளிக்கூட வாத்தியாருக்கென்று தனியாக பி.எட். இருக்கிறது. காலேஜ் வாத்தியாருக்கு? பாடம் தெரிந்தால் போதும், சொல்லித்தர அதுவாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். எட்டாவதோடு நின்ற எனக்கே இது வேடிக்கையாகப் பட்டது.

சிவகாமியின் பேராசிரியை அப்படி விடுகிறவர் அல்ல. பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு இவள் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். தேறினால்தான் வேலைக்கு சிபாரிசு.

அதற்காகத் தினமும் காலையில் வீட்டில் ஒத்திகை. அவள் அம்மா தவறிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆகவே அவள் லெக்சரர். நான்தான் மொத்த வகுப்பும்! பாடம் - ஆஸ்மாசிஸ். மடமடவென்று கொட்டுவாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டுவேன்.

நிஜ வகுப்பில் என்ன நடந்தது?

"'நீ மட்டும்தாம்மா பேசினே. புரிஞ்சுதான்னு யாரையாவது ஒரு கேள்வி கேட்டியா?'னு மேடம் கேட்டாங்கப்பா. அடுத்த வாரம் மறுபடி எடுக்கணுமாம். நீ தலையாட்டினதைப் பார்த்து எல்லாருக்கும் புரியும்னு நெனச்சுட்டேன். உனக்கு நெஜமா புரிஞ்சுதா?"

"இல்லம்மா."

"கொஞ்சம்கூடவா?"

"ஆஸ்மாசிஸ்ங்கற பேரு தெரியும்."

"அப்புறம் எதுக்குப்பா தலையாட்டினே?"

"நல்ல விஷயம் சொல்றப்போ குறுக்கே பேசலாமா? கோயில்ல கதை கேக்கறப்போ அப்படித்தானே உக்காருவோம்?"

"இது பாடம்பா. வள்ளி கல்யாணம் இல்ல!"

அழுகையும் சிரிப்புமாகத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் எனக்குப் புது உத்தரவு. புரியாத இடத்தில் கையைத் தூக்க வேண்டும். தூக்கினேன்... வரிக்கு வரி தூக்கினேன்.

"அடர்த்தி கம்மியா இருக்கற பக்கத்துலேருந்து, ஜாஸ்தியா இருக்கற பக்கத்துக்கு..."

கை.

"அய்யோ, சரியான மக்கு ஸ்டூடண்டுப்பா நீ!"

பிறகு வேறு மாதிரி சொல்வாள். அதற்கும் கை. ஒருநாள் பேச்சையே நிறுத்திவிட்டாள். சமையலறைக்குப் போய், ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு உலர்ந்த திராட்சையைப் போட்டு என் முன்னால் வைத்தாள். டிபன் முடித்துவிட்டு வந்து பார்த்தால், உப்பிக்கொண்டிருந்தன.

"தண்ணி உள்ள எப்படிப்பா போச்சு? தோல் கிழியலையே?"

எனக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து நின்று சொன்னேன்:

"அந்தத் தோலுலயே கண்ணுக்குத் தெரியாத வழி இருக்குமோ?"

"வெரி குட். உக்காருங்க!"

இந்த வயதில் ஒரு வெரி குட்! அதைவிட ஒன்று... என் மனைவி போன பிறகு, என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான். சொல்லித்தருவது என்பதே அந்தக் காத்திருப்புதானோ?

சிவகாமி தேறிவிட்டாள். பெல் அடித்த பிறகும் பிள்ளைகள் கேள்வி கேட்டார்களாம். வேலையும் உடனே கிடைத்தது - நாகர்கோவிலில்! போன ஞாயிற்றுக்கிழமை திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து மதுரை, அப்புறம் நாகர்கோவில்... தமிழ்நாட்டின் அந்தக் கோடி.

"வேளா வேளைக்குச் சாப்பிடுப்பா" என்றாள், ஜன்னல் வழியாக.

இப்போதெல்லாம் காலையில் நானே காபி போட்டுக் குடித்துவிட்டு, கூடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் கடைக்குக் கிளம்பிவிடுகிறேன், வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே.

அவள் தேற வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் உருகி உருகி வேண்டினேன். வேலை உள்ளூரிலேயே கிடைக்கட்டும் என்று சேர்த்துச் சொல்லத் தோன்றவே இல்லை பாருங்கள்!