ரஞ்சிதத்துக்குப் போட்ட ஊசி

அந்த ஊசியில் மருந்து இல்லை. வெறும் தண்ணீர்! தெரிந்தேதான் போட்டேன்.

கை தவறியது, அவசரத்தில் குப்பி மாறியது என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். என்னை நம்பித் திரும்பி நின்ற ஒருத்திக்குக் காய்ச்சி வடித்த நீரை ஏற்றிவிட்டு, பஞ்சால் தேய்த்தும் விட்டேன். அவள் பெயர் ரஞ்சிதம். என் பெயர் சரோஜா. எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் நர்ஸாக இருந்தேன்.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு மற்ற நோயாளிகள் வரமாட்டார்கள். அந்த நேரத்தை டாக்டரம்மா சில பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார். உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்தவர்கள். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, வருமுன்னே காப்போம் என்பது அவருடைய கட்சி. மாதம் ஒரு முறை பென்சிலின். பால் போல் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். போட்ட இடம் இரண்டு நாள் கல்லாக வீங்கி வலிக்கும்.

எல்லாரும் பின்கட்டு வழியாக வருவார்கள். ரஞ்சிதம் மட்டும் வாசல் வழியாக வருவாள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, தலை நிறையக் கனகாம்பரத்தோடு... “இன்னா சரோஜாக்கா, கத்திய தீட்டி வெச்சிக்கினு கீறியா?” என்று ஊசியைக் கேலி செய்தபடி நுழைவாள். அவள் வந்தால் அந்த டெட்டால் வாசனை பிடித்த அறைக்கே ஒரு களை வந்துவிடும்.

எனக்கு ஒரு தங்கை. வசந்தா. பதினொரு வயது. அம்மா போனபின் நானே அவளுக்கு எல்லாம். மூட்டுக் காய்ச்சல் வந்து அவள் இதயத்தின் வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. மீண்டும் அது வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. என்ன ஊசி தெரியுமா? அதே பென்சிலின்!

இது தெரிந்த அன்று ரஞ்சிதம் கைகொட்டிச் சிரித்தாள். “அப்போ நானும் இந்தப் பாப்பாவும் ஊசி சொந்தம்!” அன்றிலிருந்து வசந்தாவுக்கு அவள் ‘ஊசியக்கா’. புதன்கிழமைகளில் பள்ளிவிட்டு வந்த வசந்தாவின் தலையை வாரிப் பின்னி விடுவாள். அஞ்சாங்கல் ஆடக் கற்றுக்கொடுத்தாள். வசந்தாவுக்கு ஊசி போடும் நாளில் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு, “கத்திடு பாப்பா, நல்லா கத்திடு” என்பாள். கத்துவது பெரும்பாலும் ரஞ்சிதமாகத்தான் இருக்கும்!

இப்படிப்பட்டவளுக்கா...? ஆம். அவளுக்குத்தான்.

ஒரு மழைக்காலம். மருந்து வரத்து நின்றுபோயிற்று. மயிலாப்பூரிலிருந்து பாரிமுனை வரை கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. எங்களிடம் மிஞ்சியது ஒரே ஒரு குப்பி. டாக்டரம்மா வெளியூர் புறப்படும்போது சொன்னார்: “புதன்கிழமை ரஞ்சிதத்துக்கு இதைப் போட்டுடு. அவளுக்குத் தள்ளிப் போடக் கூடாது. வசந்தாவுக்கு வெள்ளிக்கிழமை எப்படியும் மருந்து வந்துடும்.”

தலையாட்டினேன். ஆனால் வசந்தாவுக்குத் தவணை தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்று காலையில்தான் “முழங்கால் வலிக்குதுக்கா” என்றாள். குளிர்காற்றாக இருக்கலாம். விளையாடிய வலியாக இருக்கலாம். மூட்டுக் காய்ச்சலாகவும் இருக்கலாம்! வெள்ளிக்கிழமை மருந்து வராவிட்டால்? அம்மாவைப் போல் இவளும்...?

புதன்கிழமை ரஞ்சிதம் வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. “அக்கா, இதான் கடேசி ஊசி!” ஆதம்பாக்கத்தில் ஏழுமலை என்று ஒரு தையற்காரர், எல்லாம் தெரிந்தே அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாலி. “அவர்கிட்ட சுத்தமா போய்ச் சேரணும்கா. பழசு எதனா ஒட்டிக்கினு இருந்தாலும் இந்த ஊசில போய்டும்ல?”

“போயிடும்” என்றேன்.

அப்போதே கேட்டிருக்கலாம். ‘ரஞ்சிதம், குப்பி ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு நாள் பொறுப்பாயா?’ இவ்வளவுதானே! “பாப்பாக்குப் போடுக்கா மொதல்ல” என்று என்னை அடிக்கவே வந்திருப்பாள். ஏன் கேட்கவில்லை? பதில் எனக்குத் தெரியும். கேட்டால் அவள் மறுக்கவும் கூடும் அல்லவா? அந்த ஒரு ‘கூடும்’ எனக்குப் பொறுக்கவில்லை. அதோடு இன்னொன்று. சொல்ல நா கூசுகிறது... இவள்தான் தொழிலை விட்டுவிட்டாளே, இனி இவளுக்கு எதற்கு என்று ஒரு குரல் எனக்குள் பேசிற்று. அவள் உடம்பைவிட என் தங்கையின் உடம்பு உசத்தி என்று நினைத்த குரல் அது.

ஊசி போட்டேன். அவள் வியப்போடு திரும்பினாள். “இன்னாக்கா, இன்னிக்கி வலியே தெர்ல! ராசியான கைக்கா உனுக்கு!” என்று என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நோட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘பென்சிலின் போடப்பட்டது’ என்று எழுதினேன். மாலையில் அந்தக் குப்பியை வசந்தாவுக்குப் போட்டேன்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை மருந்து வந்துவிட்டது! பெட்டி பெட்டியாக. ஒரு குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிப் பரங்கிமலையில் இறங்கினால் ஆதம்பாக்கம் எவ்வளவு தூரம்? வீட்டு அடையாளம்கூடச் சொல்லியிருந்தாளே! போனால் ஏனென்று கேட்பாள். அதனால் போகவில்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே ஓராண்டு ஓட்டினேன்.

பிறகு ஒரு புதன்கிழமை வந்தாள். தலையில் பூ இல்லை. எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்ததாம். ஆண் குழந்தை. பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துச் சிபிலிஸ் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மா ஏழுமலைக்கும் சோதிக்கச் சொன்னார். முடிவு வாங்கிக்கொண்டு இருவரும் வந்தார்கள். அவருக்கும் இருந்தது.

“நான் ஒரு மாசம்கூட தவறலியேம்மா...” என்று ரஞ்சிதம் அழுதாள்.

டாக்டரம்மா பழைய நோட்டை எடுத்துப் புரட்டினார். என் கையெழுத்தில் விரல் வைத்தார். “கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடிகூடப் போட்டிருக்கு. அப்போ இது உன்கிட்டேருந்து போயிருக்க வாய்ப்பு கம்மிம்மா” என்று சொல்லிவிட்டு ஏழுமலையைப் பார்த்தார்.

அந்த மனிதர் எழுந்து நின்றார். “எங்க ஆத்தா மேல சத்தியமாம்மா. இவள வுட்டு நான் வேற எங்கியும் போனதில்ல.”

ரஞ்சிதம் அவரைப் பார்த்த பார்வை...! எல்லா ஆண்களையும் பார்த்துச் சலித்த ஒருத்தி, இந்த ஒருவர் வேறு என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை என் கண்ணெதிரே அவிந்தது. நான் அடுப்பில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டடி தூரம். ‘நான்தான்’ என்ற ஒரே சொல் போதும். சொல்லவில்லை!

இருவருக்கும் நானே மருந்து போட்டேன். அவருக்குப் போடும்போது மெல்லக் கேட்டார்: “நர்ஸம்மா, உங்க மேல அவளுக்கு உசுரு. நீங்களாவது அவகிட்ட சொல்லுங்களேன்.” பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒருவேளை அன்று மருந்தே போட்டிருந்தாலும் அந்தக் கிருமி தப்பியிருக்குமோ? ஒருவேளை ஏழுமலைதான்...? நீங்களும் இப்படி எனக்கு ஒரு வழி விடப் பார்க்கிறீர்களா? வேண்டாம். எத்தனையோ ஒருவேளைகளைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டேன். எதுவும் என் பாரத்தைத் தாங்கவில்லை.

அவர்கள் பிரியவில்லை. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் இருந்தார்கள். பிறகு குழந்தை இல்லை. என்னிடம் மட்டும் அவள் பிரியம் குறையவேயில்லை. வசந்தா பெரியவளான சேதி கேட்டு ஏழுமலை தைத்த பாவாடையோடு ஓடி வந்தாள். வசந்தா கல்லூரியில் சேர்ந்த அன்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். என் தங்கை நன்றாக இருக்கிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அவள் சிரிக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியும் கூச்சமும் ஒன்றாகவே எனக்குள் எழும்.

சென்ற ஆண்டு ஏழுமலை மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். துக்கம் கேட்க ஆதம்பாக்கம் போனேன். எத்தனை வருடம் தாமதித்துப் போன வழி! வந்தவர்கள் கலைந்தபின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

“உசுரு போற நேரத்துல கூட, நான் தப்பு பண்ணல ரஞ்சின்னு சொன்னார்கா. நான் மூஞ்ச திருப்பிக்கினேன்...” என்றாள். “நம்பியிருக்கணுமாக்கா?”

“நம்பியிருக்கலாம்” என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தாள். “உனுக்கு எப்டிக்கா தெரியும்?”

உங்களிடம் இத்தனையும் சொன்ன இந்த வாய், அவளிடம் என்ன சொன்னது தெரியுமா?

“பார்த்தா நல்ல மனுஷனாத் தெரிஞ்சார், அதான்...”

அவள் மெல்லத் தலையாட்டினாள். பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “உன்ன வுட்டா எனக்கு யார்க்கா கீறா” என்று அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.