சலவைக்கூடத்துப் பூனைப் பாட்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பவள் அவள். மடிக்கும்போது அவளே கட்டிப் பாடிய பாட்டுகளை ஓர் ஆராய்ச்சியாளர் பதிவுசெய்து புத்தகமாக்கினார். 'பாடியவர் பெயர் தெரியவில்லை' என்று அச்சில் பார்த்ததும் அவள் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். பதிவு நடந்த மூன்று மாதமும் டீ போட்டுக் கொடுத்தவளின் பெயரா தெரியாமல் போய்விட்டது?

இரண்டாம் பாகத்துக்காக அவர் மறுபடியும் வந்தார். அவள் முகம் கோணாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இன்னும் பழசா ஏதாவது இருக்காம்மா?" என்று வழுக்கைத் தலையைத் தடவியபடி கேட்டார்.

"இருக்கு சார், நாலு தலைமுறையா பாடுறது" என்றவள், அந்த நிமிடமே ஒன்றைக் கட்டிப் பாடினாள். வீடு வீடாகப் பால் திருடும் மொட்டைப் பூனையின் கதை அது. அவர் கண்மூடி ரசித்தார்.

அடுத்த ஆண்டு வெளியீட்டு விழாவில், அந்தப் பூனை முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கொடுங்கோல் அரசன் என்று அவர் அரைமணி நேரம் விளக்கினார். கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"அரசனெல்லாம் இல்ல சார், அது நீங்கதான். போன வருஷம் உங்களைப் பார்த்துக்கிட்டே நான் கட்டின பாட்டு."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவர் கை வழுக்கைத் தலைக்குப் போனது. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம் என்றே தோன்றியது.