டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்ட கால் வலி

நான் ஆந்திராவில், நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். என் மனைவி சுமதி திருத்தணிப் பெண். தெலுங்கு வராது. வெளியிடங்களில் அவளுக்காக நான்தான் பேசுவேன்.

போன மாதம் அவளுக்கு மூச்சு வாங்கியது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "வலது காலு ரெண்டு நாளா வீங்கிக்கினு வலிக்குது, அதையும் சொல்லுய்யா" என்றாள். நான் டாக்டரம்மாவிடம், "லாவு கதா மேடம், அந்துகே ஆயாசம்" என்று சிரித்தேன். குண்டாக இருக்கிறாள், அதனால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். குண்டு உடம்புக்குக் கால் வலிக்காதா என்று நானே முடிவு கட்டி, காலை விட்டுவிட்டேன்.

டாக்டரம்மாவும் எடையைக் குறைக்கச் சொல்லிச் சீட்டு எழுத ஆரம்பித்தார். சுமதி என் கையைப் பிடித்தாள்.

"லாவுன்னு சொன்னே, கேட்டுச்சு. காலுக்குத் தெலுங்குலயும் காலுதானே? அத நீ சொல்லவே இல்லியே?"

அவளே புடவையைத் தூக்கி, "காலு, மேடம்" என்று காட்டினாள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தது. டாக்டரம்மா பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தார். உடனே ஸ்கேன். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்கே போயிருந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் செத்திருப்பாள்.

பிழைத்துவிட்டாள்! அவள் வாயால் பிழைத்தாள், என் வாயால் அல்ல. குண்டானவர்களைப் பார்த்ததும் நமக்கெல்லாம் காது அடைத்துக்கொள்கிறது. வெட்கக்கேடு.

இப்போது அவள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் தெலுங்கில் சொல்கிறேன். முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவள் தலையாட்டின பிறகுதான் வாயை மூடுகிறேன்.