ஆற வைத்த தேயிலை

1960 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை. நாலு நாற்பதுக்கு எழுந்தேன். ஐந்துக்குக் குளியல். இட்லி மூன்று, மிளகாய்ப்பொடி. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். மண்ஜாடியிலிருந்து தேயிலை எடுத்துச் சிறு தராசில் நிறுத்து, ஒரே எடையில் இரண்டு பொட்டலம் கட்டினேன். தேவை ஒன்றுதான், கை தவறிக் கொட்டினால் இன்னொன்று உதவும். ஆறே காலுக்குச் சித்தூர் ஸ்டேஷன், திருப்பதி பாசஞ்சர்.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இவ்வளவு ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. அதன் பின்பாதியில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேயிலையைப் பற்றி. அது டீக்கடையில் பால் ஊற்றி ஆற்றும் தூள் அல்ல. சீனத்து யுன்னான் மலைகளில் பறித்த இலையை ஆவியில் இளக்கி, வட்டமாக அழுத்திக் காய வைத்த வில்லை. பார்த்தால் நம் செக்கிலிருந்து வரும் கடலைப் புண்ணாக்குதான். அது விற்பனைக்கு வந்து சேர்ந்த ஊரின் பெயரால் பூ-அர் என்பார்கள். புதிதாகக் குடித்தால் வாய் கசந்து இழுக்கும். பத்து, இருபது வருஷம் வைத்திருந்தால் கசப்பு உள்ளே போய் வேறொன்றாக வெளியே வரும். வைத்த வீட்டின் காற்றையும் ஈரத்தையும் அது வாங்கிக்கொள்ளும்.

ரங்கூனில் ஒரு சீன வியாபாரியின் கிடங்கில் நான் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதினேன். என் நண்பர் அதே இடத்தில் கடிதம் எழுதினார். யுத்தம் ரங்கூனை எட்டுவதற்குச் சில வாரம் முன்பு இருவரும் கப்பல் ஏறினோம். வியாபாரி, மூங்கில் பட்டையில் சுற்றிய ஏழு வில்லைகள் கொண்ட ஒரு கட்டை எங்கள் கையில் கொடுத்தார். ஒன்றைக் கப்பலிலேயே குடித்தோம். மீதியை ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். நான் சித்தூரில் நில அளவை அலுவலகத்தில் சேர்ந்தேன். அவர் திருப்பதியில், கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்து வீட்டுக்குத் திரும்பினார். ஸ்ரீவைஷ்ணவர், மனைவி இல்லை. கடல் தாண்டிப் போனதையே பல காலம் சொல்லிக்காட்டிய உறவினர்களிடம் அவர் இந்தத் தேயிலையைச் சுக்குக் கஷாயம் என்று சொல்லித் தப்பித்து வந்தார்.

வருஷத்துக்கு ஒரு முறை, மாசியில், என் வில்லையையும் அவர் வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்போம். ஒரே கட்டிலிருந்து பிரிந்தவை. ஆனால் சித்தூரின் வறண்ட காற்றில் என்னுடையது மெதுவாக முதிர்ந்தது. கருங்காலிப் பெட்டியைத் திறந்த வாசனை, நாக்கில் ஒரு சிறு கசப்பு, அது தொண்டையில் இறங்கும்போது பேரீச்சம்பழம். மலையடிவார ஈரத்தில் இருந்த அவருடையது வேகமாக முதிர்ந்தது. நிறம் நல்லெண்ணெய் போல. வாசனை மழை நின்ற மண். சுவாமி அறைக்கு அடுத்த அலமாரியில் இருந்ததால் லேசாகக் கற்பூரம். அவருடையதே மேல் என்று நான் தேயிலைக்கென்று வைத்த குறிப்பேட்டில் ஆறு வருஷம் எழுதியிருக்கிறேன். அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இந்த வருஷம் இரண்டு பேரிடமும் கடைசி வில்லை.

ரயிலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தேன். எழுந்து கதவருகே நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன். ஏப்ரல் முதல் ஆந்திர–மதராஸ் எல்லை மாறுவதால் கைமாறும் கிராமங்களின் பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் பிரதி எடுக்கும் வேலை அலுவலகத்தில் மூன்று மாதமாக நடந்தது. மாதக் கடைசிக்குள் முடிய வேண்டும். ஒரு கொம்பு மாறினால் கிராமமே மாறிவிடும் என்று எனக்குக் கீழே இருந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன். ரயிலிலும் அதே பேச்சு. எதிரே உட்கார்ந்திருந்த புத்தூர்க்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: “திருத்தணி அந்தாண்ட பூடுச்சி. முருகன் மதராஸுக்கு, பெருமாள் ஆந்திராவுக்கு. மாமனும் மருமவனும் பாகம் பிரிச்சிக்கினாங்க.”

“அப்போ நாம?”

“நாம ரயில்ல கீறோம். டிக்கெட் வெச்சிக்கினு கீறியா, அத்தப் பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. என் யோசனை ஜனவரி 24-இல் இருந்தது.

வில்லையைக் குடிப்பதற்கு முன் உடைத்து, மண்ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வெயில் படாத மூலையில் நாற்பது நாள் விட வேண்டும். இறுகிக் கிடந்த இலை காற்று வாங்கி நிதானத்துக்கு வரும். சீனர்கள் அதற்கு ஏதோ சொல் வைத்திருந்தார்கள். நானும் நண்பரும் எங்களுக்குள் ‘ஆற வைப்பது’ என்போம். ஜனவரி 24 அன்று நான் திருப்பதி போனபோது நண்பர் திருமலைக்குப் போயிருந்தார். அவர் வில்லையை நானே குத்தூசியால் உடைத்தேன். ஜாடி பரணில் இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அந்த வீட்டில் பதினோரு வருஷமாக வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து வரும் தெலுங்குக்கார அம்மாள் பின்கட்டில் இருந்தார். முறத்தோடு அவர் கையில் கொடுத்து, “இத ஆற வைம்மா. நாப்பது நாளு” என்றேன்.

“சரே ஸாமி” என்றார்.

நாற்பது நாளும் எனக்கு என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஜாடியை நானே இறக்கிக் கொடுத்திருக்கலாம்.

ஒன்பதரைக்கு நண்பர் வீடு. வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாரும் ஓய். வண்டி ஏழு நிமிஷம் லேட். இன்னிக்கு உம்ம குறிப்பேட்டில் அதுதானே முதல் வரி?”

“எட்டு நிமிஷம்” என்றேன்.

பின்கட்டில் கரியடுப்பு தயாராக இருந்தது. ரங்கூன் வெள்ளைக் கிண்ணங்கள் நான்கு. ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே எடை, ஒரே நேரம். முதல் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுவோம். அது தூசி கழுவ. இரண்டாவதிலிருந்து குடிப்போம்.

என்னுடையது எனக்குத் தெரிந்தபடியே இருந்தது, இந்த வருஷம் கசப்பு இன்னும் கொஞ்சம் தணிந்து. நண்பர் கண்ணை மூடிக்கொண்டு, “உம்மது இப்போதான் மனுஷாள் குடிக்கிற மாதிரி ஆகியிருக்கு” என்றார்.

அவருடையதைக் குடித்தோம். மூன்றாம் தண்ணீர் ஊற்றினார். மூக்கருகே கொண்டு போனேன். மண் இல்லை, மழை இல்லை, கற்பூரம் இல்லை. காய்ந்த வைக்கோல். நாக்கின் ஓரத்தில் ஒரு வெற்றுப் புளிப்பு, பின்னால் ஒன்றுமே வரவில்லை. நிறம் மட்டும் இருந்தது. முறத்தில் மீதி இருந்த இலையை எடுத்து நெரித்தேன். அப்பளம் போல நொறுங்கியது.

“வெயில்” என்றேன். “வெயில் பட்டிருக்கு.”

நண்பர் கிண்ணத்தைக் கீழே வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. முழங்கால் வலியால் அவர் மாடிப்படி ஏறி ஒரு வருஷமாகிறது. முற்பகலில் கோயிலுக்குப் போய்ப் பிற்பகல்தான் வீடு திரும்புவார். மாடியில் என்ன காய்ந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்த அம்மாளைக் கூப்பிட்டார்.

அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு பெருமையோடுதான் வந்தார். தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். தினமும் காலையில் மாடியில் பரப்பி, சாயங்காலம் எடுத்து வைத்தாராம். குரங்கு வந்தால் கம்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாராம். ஒரு நாள்கூட விடவில்லையாம்.

“உன்னை யார் மாடியில போடச் சொன்னா?”

“ஈ ஸாமி ஆர வெய்யமன்னாரு.” இந்தச் சாமிதான் சொன்னார் என்று என்னைக் காட்டினார்.

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. தமிழில் ஆற வைப்பது தணிய விடுவது. தெலுங்கில் ஆர வெய்யி என்றால் வெயிலில் உலர்த்து. எங்கள் பக்கத்து வாயில் றகரமும் ரகரமும் ஒன்றுதான். சித்தூரில் என் அடுத்த வீட்டில் தினமும் ஈரத்துணியோடு இந்தச் சொல் காதில் விழும். பட்டியலில் ஒரு கொம்புக்கு ஆளை விரட்டுகிறவன், தெலுங்கு பேசும் ஒருவரிடம் போய் அந்தச் சொல்லையே கொடுத்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறேன்.

நண்பர் என் பக்கம் திரும்பினார். “நீரா ஓய் வெயில்ல போடச் சொன்னீர்?”

“வெயில் என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை” என்றேன்.

அது உண்மை. எழுத்துக்கு எழுத்து உண்மை.

நண்பருக்கு அது போதுமானதாக இருந்தது. “கேட்டியா? இருபது வருஷத்தில் இவர் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லி நான் பார்த்ததில்லை. செஞ்சதும் இல்லாம இவர் தலையில போடறியா? நாளையிலேருந்து வராதே. வீதியிலயும் சொல்லிடறேன், பொய் சொல்றவளை யாரும் சேர்த்துக்க வேண்டாம்னு.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். அவர் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரங்களைத் தேய்த்து முடித்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்த வீதியில் இன்னும் இரண்டு வீட்டில் அவர் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். நண்பர் சொன்னால் அந்த இரண்டும் போய்விடும்.

“வருத்தப்படாதேயும் ஓய்” என்றார் நண்பர். “உம்மதாவது மிஞ்சித்தே. இன்னொரு தண்ணீர் விடறேன்.”

ஐந்தாம் தண்ணீர் வரை குடித்தேன். ருசி தெரியவில்லை. சாப்பிடச் சொன்னார், பசியில்லை என்றேன். மூன்று மணி வண்டிக்கு ஒன்றே முக்காலுக்கே கிளம்பிவிட்டேன். பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சந்திரகிரியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தேன், வண்டி நகர்ந்தது. பாகாலாவில் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். திரும்பிப் போய் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் தயார் செய்தேன். அதில் பிழை இருந்தது. வேறொன்று தயார் செய்தேன். ஒவ்வொன்றிலும் நான் எங்கோ ஒரு மூலையில் சரியாகவே இருந்தேன்.

ஆறரைக்கு வீடு. குறிப்பேட்டைத் திறந்தேன். சித்தூர் வில்லை என்ற கட்டத்தை நிரப்பினேன். திருப்பதி வில்லை: நிறம், வாசனை, ருசி எழுதினேன். ‘காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது. எழுந்து முற்றத்துக்குப் போனேன். திரும்ப வந்தேன். மறுபடி போனேன்.

“இன்னாங்க, ஒரு எடத்துல உக்காருங்களேன்” என்றாள் மனைவி. “நாளெல்லாம் ரயில்ல ஆடிக்கினு வந்தது பத்தலியா? துன்னவும் இல்ல.”

சொன்னேன். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு முறை சிரிப்பை அடக்கினாள்.

“ஆர வெய்யின்னா துணி காய வெக்கிறதுதான். இந்தத் தெருவுல கொழந்திக்குக்கூடத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்பொறம் இதுல யோசிக்க இன்னா கீது? நீங்க சொன்னீங்க, அவ செஞ்சா. கொரங்க வேற ஓட்டிக்கினு குந்தினு இருந்திருக்கா.”

“வெயிலென்று நான் சொல்லவில்லை.”

“அத்த எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது?” என்று தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சாப்பிட்டேனா என்று குறிப்பு இல்லை. கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. கடிதம் போய்ச் சேர்வதற்குள் நண்பர் வீதியில் சொல்லிவிடுவார். ஆனால் தபாலில் போட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதாலேயே அந்த யோசனை வந்தது என்று எனக்குத் தெரிந்தது. கார்டைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள், மார்ச் 7, திங்கள். குளிக்கவில்லை. விடுப்புக் கடிதத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு அதே பாசஞ்சரில் ஏறினேன். திருப்பதியில் இறங்கி முதலில் நண்பர் வீட்டுக்குப் போகவில்லை. அலிபிரி போகும் சாலையில் விசாரித்து அந்த அம்மாளின் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே தெலுங்கில் சொன்னேன்: தப்பு என்னுடையது, நான் சொன்னதைத்தான் நீங்கள் செய்தீர்கள், என்னோடு வாருங்கள், அவரிடம் உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

“லோபல காது ஸாமி” என்றார். உள்ளே வேண்டாம். “அவுரு வீதில சொல்றேன்னாரு. நீங்களும் வீதிலயே செப்பண்டி.”

முறத்தை உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார். எனக்கு முன்னால் நடந்தார். வீதிக் குழாயில் தண்ணீர் வரும் நேரம். ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். நண்பரின் வீட்டு எதிரே, குழாய்க்குப் பக்கத்தில் அந்த அம்மாள் நின்றுகொண்டார். நான் படியேறாமல் கூப்பிட்டேன்.

நண்பர் பாதி இட்ட திருமண்ணோடு நிலைப்படிக்கு வந்தார். “என்ன ஓய், நேத்துத்தானே போனீர்? உள்ளே வாரும்.”

“நீர் வெளியே வாரும்” என்றேன். குடங்கள் திரும்பின. “நேற்று நான் சொன்னது பொய்.”