மண்ணோடு மட்டமாக நின்ற கம்பிகள்

அந்த இரும்புக் கம்பியின் தலை காளான்போல விரிந்திருக்கும். அது அண்ணை வீட்டு மேசைக்கு வந்தது மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. அன்று காலை வழக்கம்போல வாசல் பனியை ஒதுக்கி, மார்க்கம் நகரிலுள்ள எங்கள் மண் ஆய்வுகூடத்துக்குப் போய், உலர்ந்த மாதிரிகளை நிறுத்துப் பதிந்துவிட்டு, மதியம் பக்கத்து ரூஜ் பகுதியில் இருந்த அண்ணை வீட்டுக்குப் போனேன்.

அண்ணை என்று நாங்கள் அழைத்த அவர் ஓய்வுபெறும்வரை எங்கள் ஆய்வுகூடத்தின் தலைவர். இலங்கை மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் மழை எவ்வளவு மண்ணைக் கொண்டுபோகிறது என்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வு. சரிவுக்குக் குறுக்கே தான் வகுத்த முறையில் வரம்பு கட்டுவித்து, அதன் கீழே கம்பிகளைத் தலை மண்ணோடு மட்டமாக இருக்கும்படி அறைந்திருந்தார். மண் போனால் கம்பி வெளியே தெரியும். வருடாவருடம் அங்கிருந்து வந்த அளவுகளில் கம்பி வெளியே தெரியவேயில்லை. வரம்பு மண்ணைக் காக்கிறது என்று அண்ணை எழுதினார். அதை நம்பிப் பக்கத்து மலைகளிலும் அதே வரம்பைக் கட்ட அந்த வாரம் வேலை தொடங்கவிருந்தது.

அன்றைய விருந்தாளி, அந்தக் கம்பிகள் நின்ற தோட்டத்தின் சொந்தக்காரர். அருகில் ஒஷாவா நகரில் இருக்கும் மகளிடம் இலங்கையிலிருந்து வந்திருந்தார். ஜன்னலால் பனியைப் பார்த்து, “மண்ணே கண்ணுல படலியே சார், இங்க உட்கார்ந்து எதைத்தான் ஆராய்ச்சி பண்ணினீங்க?” என்றார்.

“அதுதான் உங்கட மண்ணில கை வைச்சனான்,” என்று அண்ணை சிரித்தார்.

வந்தவர் பையிலிருந்து கம்பியை எடுத்து இரு கைகளாலும் நீட்டினார். கழுவி எண்ணெய் பூசியிருந்தது.

“ஞாபகமா வச்சுக்குங்க சார். மத்ததெல்லாம் நீங்க வச்ச மாதிரியே மட்டமா இருக்கு. மழை முடிஞ்சா ரெண்டு விரல்கடை வெளிய வந்திரும். வேலைக்கு வர்றவங்க கால்ல குத்தும்ல? அளக்க ஆள் வர்றதுக்கு முந்தியே அடிச்சு இறக்கிருவேன். இது மட்டும் பாறையில முட்டிருச்சு. இந்த வருசம் எவ்வளவு அடிச்சும் இறங்கல, அதான் பிடுங்கிக் கொண்டாந்தேன்.”

அண்ணையின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோயிற்று.

“எல்லா வருசமுமோ?”

“நீங்க நம்பிக் குடுத்த பொருளாச்சே சார்!”

நான் சரிபார்த்துப் பதிந்த ஒவ்வொரு பூச்சியத்துக்கும் பின்னால் ஒரு சுத்தியல் இருந்திருக்கிறது. மழைக்கு மழை மண் போயிருக்கிறது. அந்த இடத்தில் மிச்சமிருந்த மண் ஒரு கம்பி நீளம்கூட இல்லை. அண்ணை அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னொரு வடை எடுக்கச் சொல்லித் தட்டை நீட்டினார்.

அவர் போன பிறகு அண்ணை நெடுநேரம் கம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அந்த மனிசனுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை, பிள்ளை. மற்ற மலையில இருக்கிற சனத்துக்குச் சொல்லத்தான் வேணும்.”

அண்ணை இன்று இல்லை. கம்பி என் மேசையில் இருக்கிறது.

தோட்டக்காரர் வந்துபோன மறுநாள், வரம்பு வேலையைத் தொடங்கவிருந்த கொழும்பு அலுவலகத்தோடு, அங்கே பின்னேரம் பூட்டுவதற்கு முன் பேசவேண்டும் என்று, இங்கே விடியுமுன்னரே அண்ணை வீட்டுக்குப் போனேன். அண்ணை முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. மடியில் கம்பியை வைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

“வேலையைத் தொடங்காதேங்கோ,” என்றார். “நான் எழுதினது பிழை.”