அத்தையின் இடுப்பில் அடித்த ஆணி

இடுப்பெலும்பு ஒடிந்த வயசாளிகள் பிழைப்பதில்லை என்பது தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் அத்தைக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் மூத்த அக்கா. பெற்றவர்கள் பேதியில் போய்விட, கைம்பெண்ணான அவள் நடை பழகாத தம்பியைத் தூக்கிக்கொண்டு இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவள். ரெங்கம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் களை வெட்டியே அவரை ஆளாக்கினாள். விட்டு வந்த ஊரில் அவளுக்கென்று ஒரு குருவிகூடக் கிடையாது. தலை முழுக்க நரைத்த பிறகும் மண்வெட்டியைக் கீழே வைக்காதவள், ஒரு நாள் குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். தோட்டத்தில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரயிலில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் ஒருவர் இடுப்பைக் கீறி, முறிந்த எலும்பை ஒரு நீள ஆணியால் சேர்த்துப் பூட்டினார். அந்தக் காலத்தில் அது யாரும் கேள்விப்படாத வைத்தியம். பேயை மரத்தில் இறக்கி ஆணி அடித்துத்தான் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம்; மனுஷருக்கு அடித்துப் பழக்கமில்லை. சாவுச் சேதி எப்போது வரும் என்று லயத்துப் பெண்கள் காத்திருந்தார்கள். வந்தது அத்தைதான். ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில், வண்டிக்காரனை வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்து இறங்கினாள்.

கையில் ஒரு தடி கொடுத்திருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் சளி கட்டும், முதுகு புண்ணாகும், அதுதான் ஆளைக் கொல்லும் என்று டாக்டர் சொன்னதை டிரஸ்ஸர் எங்கள் வாசலில் நின்று சொன்னார். என் காதால் கேட்டேன். அவர் தலை மறைந்ததும் அப்பா அந்தத் தடியைப் பிடுங்கி, எட்டாத உயரத்தில் கூரைச் சட்டத்தில் செருகிவிட்டார்.

"ஆணி கழண்டுரும்க்கா. அசையாம படு."

"கழண்டா கழலட்டும்டா! டாக்டரு நடக்கச் சொன்னாருல்ல?"

அப்பா கேட்கவில்லை. வீட்டோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஆணி ஆடினால் உயிர் போய்விடும் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்தார். அடித்த ஆணியை அசைத்தால் இறங்கிய பேய் மறுபடி ஏறிக்கொள்ளும் என்று பூசாரி வேறு ஒத்து ஊதினார். பிறகு கேட்க வேண்டுமா? அத்தை தலையைத் தூக்கினாலே போதும், நாலு பேர் ஓடி வந்து அமுக்கிப் படுக்க வைத்தார்கள். அம்மா கஞ்சியை வாயில் ஊட்டினாள். கத்திக்குத் தப்பித்தவளைப் பாய் தின்னத் தொடங்கியது. முதுகு சிவந்தது, பிறகு தோல் உரிந்தது. இருமல் வந்தது.

எனக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசு. அப்பாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "டாக்டர் சொன்னாரே, நீங்க மட்டும் ஏன்…" என்று ஆரம்பித்தேன். பளாரென்று ஓர் அறை. அதுவரை என்மேல் கை வைத்தறியாதவர். அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது இன்னொன்று. கங்காணியைக் கண்டால் போதும், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எங்கக்கா இனி எந்திரிக்காதுங்க, மேலுக்கு ரொம்ப முடியலீங்க" என்பார். எழுந்திருக்கத் துடிக்கிறவளைப் பற்றி இப்படியும் ஒரு தம்பி பொய் சொல்வானா?

ரப்பர் விலை மறுபடியும் விழுந்திருந்த நேரம் அது. வேலைக்கு ஆகாதவர்களை லாரியில் ஏற்றி, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லாரியும் கப்பலும் எனக்குத் திருவிழாவாகத் தெரிந்தன.

ஒரு நாள் விடியலில், ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லோரும் போனபின், அத்தை பாயை விட்டு எழுந்தாள். ரப்பர்ப் பால் வாளி சுமக்கிற காண்டாக் கம்பு ஒன்று மூலையில் கிடந்தது. அதை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, பெரட்டுக்களத்துக்கே நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். களை வெட்டும் பெண்களின் வரிசையில், தன் பழைய இடத்தில் போய் நின்றாள்.

"நான் வந்துட்டேன். பேரைக் கூப்பிடுங்க!"

நான் கை தட்டினேன். அப்பாவின் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

தோட்டத்து வெள்ளைக்கார துரை, கணக்கெழுதும் கிராணியோடு அருகில் வந்தார். அத்தையை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்.

"நல்லா நடக்குது கிழவி! கிராணி, இது வேலைக்கு ஆவாது. கப்பல் போவலாம்."

அப்பா அவர் காலில் விழுந்தார். "ஊர்ல யாருமில்லீங்க தொர, நான் சோறு போடுறேங்க" என்று கெஞ்சினார். துரை அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருந்தார்.

அத்தைக்கு அப்போதுதான் விளங்கியது. தரையில் கிடந்த தம்பியைப் பார்த்து, "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொன்னா நீ படுத்திருப்பியாக்கா? தூக்கிட்டுப் போற ஆளக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. இந்தக் கெடுபிடி முடியட்டும், மெதுவா நடக்க வெக்கலாம்னு இருந்தேன்."

அவளிடம் ரகசியமாகச் சொல்லத்தான் இடமேது? லயத்துத் தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. இந்தக் கோடியில் முணுமுணுத்தால் அந்தக் கோடியில் கங்காணி வீட்டுக்குக் கேட்கும். அப்பா செய்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அவரே அக்காவைக் கொன்றிருப்பார். ஆனால் சாகக் கிடந்தால் இங்கே இருக்கலாம், பிழைத்து எழுந்தால் ஓடிப்போ என்பது எந்த ஊர் நியாயம்? அவள் வெட்டிய காடு, அவள் வளர்த்த பிள்ளை, எல்லாம் இங்கேதானே இருந்தன! இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நாகப்பட்டினத்தில் இறங்கி எங்கே போனாள், எத்தனை நாள் இருந்தாள், எங்களுக்குத் தெரியவே இல்லை.

லாரி வந்த அன்று அவளைத் தூக்கிவிட ஆட்கள் ஓடி வந்தார்கள். அத்தை அவர்கள் கையைத் தட்டிவிட்டுத் தானே ஏறினாள். செத்துப் போவாள் என்று சொன்ன அத்தனை பேருக்கும் முன்னால் என் அத்தை ஜெயித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். லாரி திரும்புகிறவரை குதித்துக் குதித்துக் கை காட்டினேன். அப்பா வந்து என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை.