முட்டை போடாத கட்லெட்

ஏஞ்சலம்மாளை நான் முதன்முதலில் பார்த்தது மும்பை செம்பூரின் திலக் நகரில், ஒரு நாலு மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டில். டிகிரிச் சான்றிதழின் நகலோடு வாடகைக்கு அறை தேடிப் போன நாள் அது. மேலிருந்து இறங்கி வந்தவள், தமிழ் முகம் என்று கண்டதும் நின்றாள்.

“வீடு பாக்க வந்தியளா? என்ன படிச்சியன்னு கேக்க மாட்டாவ. என்ன திங்கியன்னு கேப்பாவ.”

சிரிக்க இடம் வைக்காத குரல். அந்தக் கோபத்துக்கு அப்போது மூன்றே நாள் வயது.

நாசரேத் பக்கம் அவளுக்கு ஊர். கணவர் வேதமுத்து அணுசக்தி நகர் ஊழியர் பேருந்தில் ஓட்டுநர். ஒரே மகள் ரெபேக்கா பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. ஏஞ்சலம்மாள் வீட்டிலேயே உருளைக்கிழங்கு கட்லெட் போட்டு விற்றாள். அவள் கட்லெட்டைக் கடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும் என்பார்கள். அந்த மொறுமொறுப்புதான் அவளைக் குற்றவாளி ஆக்கியது.

கட்டிடச் சங்கத்தின் செயலாளர் வானமாமலை. அவரும் மனைவி பிரேமலதாவும் நாங்குநேரிப் பக்கத்துச் சைவச் சாப்பாட்டுக்காரர்கள். பேத்தி பிறந்தநாளுக்கு எண்பது கட்லெட் சொல்லியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் வீட்டு விசேஷம் என்று ஏஞ்சலம்மாள் புதுச் சட்டி வாங்கினாள், புது எண்ணெய் ஊற்றினாள். வேதமுத்து கேட்ட ஆம்லெட்டைக்கூட அன்று போடமாட்டேன் என்றுவிட்டாள். விருந்தில் ஒரு கட்லெட் மிஞ்சவில்லை.

மறுநாள் காலை வேதமுத்துவுக்கு ஆம்லெட் கிடைத்தது. முட்டை ஓடு குப்பைக்காரர் வாளியில் கிடந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். முட்டையில் முக்காமல் அப்படி மொறுமொறுப்பு வராது என்று கட்டிட வாட்ஸ்அப்பில் ஒருத்தி எழுத, ஆளுக்கு மூன்று தின்றவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

வானமாமலை படியேறி வந்தார். வீட்டு ஒப்பந்தத்தை அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் புனேயில் இருந்தார். சங்கம் வேண்டாமென்றால் அவரும் வேண்டாமென்பார். பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது வீடு போனால் ரெபேக்கா கதி என்ன? எங்கள் அடுப்பில், எல்லார் கண்முன்னாலும் ஒருதரம் போட்டுக் காட்டு, பேச்சு அதோடு முடிந்தது என்றார் வானமாமலை.

திருடியைச் சோதனை போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஏஞ்சலம்மாளுக்கு அப்படித்தான் பட்டது. ஆனாலும் மகளை நினைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவித்து ஆறவைத்த கிழங்கோடு போனாள்.

ஐந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழங்கைத் துருவினாள், சூட்டோடு மசித்தால் பசையாகி எண்ணெய் குடிக்கும். பட்டாணி, இஞ்சி, பச்சைமிளகாய் சேர்த்து விரல் நீளத்துக்கு உருட்டினாள். மைதாவையும் சோளமாவையும் மோர் போலக் கரைத்து அதில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி, மறுபடியும் முக்கி மறுபடியும் புரட்டினாள். பிறகு அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில். அந்த அரைமணியும் அவளை ஒருத்தரும் உட்காரச் சொல்லவில்லை.

முதல் ஈடு பொரிந்து வந்தது. பிரேமலதாவே கடித்தாள். சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

“நல்லாத்தான்ட்டி இருக்கு. இனிமே இங்கயே வந்து போட்டுக் குடுத்துரு. யாருக்கும் சந்தேகம் வராதுல்லா.”

வானமாமலை ஒரு தாளை நீட்டினார். அந்த வீட்டில் முட்டை, மீன், கறி எதுவும் சமைப்பதில்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தத்துக்குத் தடையில்லை.

ஏஞ்சலம்மாள் அடுப்பை அணைத்தாள்.

“அண்ணாச்சி, கட்லெட்டுல முட்ட இல்லன்னு காட்டச் சொன்னிய, காட்டிட்டேன். என் வீட்டுல முட்ட இருக்கு. நாளைக்கும் இருக்கும்.”

“கோவப்படாத. பிள்ள படிப்பு இருக்கு, யோசி.”

“யோசிச்சுதான் உங்க அடுப்படி வரைக்கும் வந்தேன். அதுவே தப்பு.”

பொரித்து வைத்ததை அள்ளிக்கொண்டாள், ஃப்ரிட்ஜைத் திறந்து பொரிக்காத கட்லெட் தட்டையும் எடுத்துக்கொண்டாள். பிரேமலதா கையில் கடித்தது போகப் பாதி இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டாள்.

கையெழுத்துதானே, போட்டுவிட்டுத் தெரியாமல் சாப்பிட்டால் போயிற்று என்றார் வேதமுத்து. அதைக் கேட்டுத்தான் அவளுக்குத் தலைக்கேறியது.

“நம்ம சோத்த நாமளே களவாண்டு திங்கணுமா?”

மீதிக் கட்லெட்டைப் பொரித்து மகள்முன் வைத்தாள். வீடு மாறுகிறோமா என்று கேட்டாள் ரெபேக்கா. ஆமாம் என்றதும் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். தனக்கு நேர்ந்ததைக்கூட ஏஞ்சலம்மாள் பொறுத்திருப்பாள். அந்த அழுகைக்காக அந்தக் கட்டிடத்தை இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை.

இப்போது அவர்கள் நவி மும்பை சான்பாடாவில் ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். வேதமுத்து விடியுமுன் கிளம்பி வேலைக்குப் போகிறார். தினமும் ரயிலில் பழைய பள்ளிக்கே போய்வந்து பத்தாவது தேறிய ரெபேக்கா பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஏஞ்சலம்மாள் கட்லெட் போட்டு விற்கிறாள். செம்பூரிலிருந்து வரும் ஆர்டரையும் எடுக்கிறாள். அந்த ஒரு கட்டிடத்துக்கு மட்டும் கொடுப்பதில்லை.